வலிக்காத நெறி

“நீங்க ஒரு கிருமின்னு வச்சுக்கோங்க” என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். நான் அரை டம்ளர் சர்க்கரை கேட்டுப் போயிருந்தேன்.

“இந்தக் கதவுதான் தோல். சாத்தியிருந்தா நீங்க வெளியவே நின்னு நின்னு செத்துப் போயிடுவீங்க. ஆனா பாருங்க, தாழ்ப்பாள் சரியா விழல.” என் கையைப் பிடித்து ஒரு அடி உள்ளே இழுத்தாள். “வந்தாச்சு. வந்ததே யாருக்கும் தெரியாது. சத்தம் போடாம ஒருத்தர் ரெண்டு பேர் ஆகுறீங்க. ரெண்டு பேர் நாலு பேர் ஆகுறீங்க. அடுத்தது?”

அடுத்தது என்னவென்று கிருமிக்குத் தெரியவில்லை. உள்ளறையில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார் தலையைத் தூக்காமல் சொன்னார்: “அடுத்தது சர்க்கரையைக் குடுத்து அனுப்பு. கிருமி அடுப்புல பாலை வச்சுட்டு வந்திருக்கு.”

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் வழியாக எனக்கு மனித உடம்பைப் பற்றி நிறையத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டு படித்து நான் பார்த்ததில்லை. யாருக்காவது சொல்லிக் கொடுத்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். கேட்க ஆள் இல்லாவிட்டால் குக்கரிடம் சொல்வாள். படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறிவரும் தண்ணீர்க்காரர், தன் நுரையீரலில் என்ன நடக்கிறது என்பதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கேனை இறக்கி வைக்க முடியும்.

வயது முப்பத்தெட்டு. இந்தப் படிப்புக்கு முன்னால் ஒரு பெரிய கடையில் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டாள். கடையை ஒருநாள் மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வேறு கடைகளுக்குப் போனார்கள். இவள் மட்டும் வயது பார்க்காத ஒரு செவிலியர் கல்லூரியைத் தேடிப் பிடித்துப் பதினெட்டு வயதுப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். கல்லா அவளை விட்டுப் போகவில்லை, வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிட்ட அந்த “அடுத்தது?” இன்னும் வாயில் இருக்கிறது. வகுப்பில் அவளுக்குப் பெயர் அக்கா. வருகைப்பதிவு எடுக்கும்போது ஆசிரியையே ஒருநாள் வாய் தவறி “அக்கா” என்று கூப்பிட்டுவிட, வகுப்பே குலுங்கியதாம். இவள் எழுந்து நின்று “உள்ளேன் டீச்சர்” என்றாளாம்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டை எல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதர், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு மாடி ஏறித்தான் வீட்டுக்கு வரவேண்டும். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு ஒரு உதிரி பாகம் வரவேண்டியிருக்கிறது. நான் குடிவந்த நாளிலிருந்து அது வந்துகொண்டே இருக்கிறது.

வீட்டில் உண்மையான அதிகாரம் நாத்தனாருக்கு. தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடச் சீருடையும் ஆஸ்பத்திரி அங்கியும் தைப்பார். ஜன்னலோரம் மெஷின், பக்கத்தில் துணி மலை, வாயில் நாலு குண்டூசி. குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவதால் எதைச் சொன்னாலும் கொஞ்சம் குத்தும். தம்பி மனைவி படிக்கப் போகிறாள் என்றதும் “நர்ஸம்மா” என்று பட்டம் வைத்தவர் அவர்தான். ஆனால் அவளுடைய சீருடையை வேறு யாரும் தைக்க விடவில்லை. தோள்பட்டை சரியாக உட்காரவில்லை என்று மூன்று முறை பிரித்தார். டாக்டரிடம் மட்டும் போகமாட்டார். “அடுத்தவங்களுக்கு ஊசி ஏத்துற கை இது. எனக்கு ஒருத்தன் ஊசி ஏத்தவா?” என்பார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் மெஷின் ஊசி அவருடைய இடது ஆள்காட்டி விரலில் நகத்தோரமாக இறங்கிவிட்டது. துணியில் ரத்தம் படாமல் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மிச்சத் தையலைப் போட்டு முடித்தார். மறுநாள் விரல் தடித்தது. அதற்கு அடுத்த நாள் நகச்சுத்து.

தம்பி மனைவிக்குப் பாடம் வீடு தேடி வந்துவிட்டது. கையைப் பிடித்துக் கல்லாவில் சாமான் தட்டுவதுபோலச் சொன்னாள்: “சிவப்பு, வந்தாச்சு. சூடு, வந்தாச்சு. வீக்கம், வந்தாச்சு. வலி? வலிக்குதா அண்ணி?”

“நீ அமுக்கினா வலிக்காம என்ன பண்ணும்?”

“வலியும் வந்தாச்சு. உங்க வெள்ளை அணு எல்லாம் ரத்தக் குழாயை விட்டு இறங்கி அங்க சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. செத்து விழுந்ததெல்லாம்தான் சீழ். நல்ல சண்டை. ஆனா டாக்டர் கீறி விடணும்.”

“நானே கீறிக்குவேன்.”

அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். நாத்தனாரின் முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஏறியிருந்ததை அவள்தான் பார்த்தாள். விளையாட்டு அந்த நொடியில் நின்றுபோனது. பேனாவை எடுத்துக் கோடு முடிகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது சிவப்பு அந்தப் புள்ளியைத் தாண்டிப் போயிருந்தது. பிறகு அவள் பாடம் எதுவும் நடத்தவில்லை. செருப்பைக் கொண்டுவந்து அண்ணியின் காலடியில் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் கீறி, சீழ் எடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நாத்தனார் முனகினார்: “விரல்ல குத்தினதுக்கு அக்குள் ஏன் வலிக்குது? உருண்டையா என்னமோ இருக்கு.”

“நெறி கட்டியிருக்கு அண்ணி. டாக்டரும் அதான் சொன்னாரு. அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. கையில இருந்து ஓடி வர்ற கிருமியை அங்க பிடிச்சு வைப்பாங்க. இப்போ கூட்டமா இருக்கும். வேலை முடிஞ்சா தானா கலைஞ்சு போயிடும்.”

விரல் ஆறியது. நகம் விழுந்து புதிதாக முளைத்தது. அவள் அந்த விரலை வகுப்பில் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள்.

மழை ஓய்ந்து வெயில் வந்தபோது அடுத்த பாடத்துக்கு வந்திருந்தாள். கட்டிகள். ஒரு தட்டை மேசையில் வைத்து நாத்தனாரின் டப்பாவிலிருந்து வெள்ளைச் சட்டைப் பட்டன்களை எடுத்து நெருக்கி அடுக்கினாள். நான் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவள் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

“இது நல்ல செல். பக்கத்துல இடம் இருந்தா ரெண்டாகும். இடம் இல்லன்னா கம்முனு நின்னுக்கும். மரியாதை தெரிஞ்சது. இதுக்குள்ள இருக்கிற மரபணு எழுத்துல ஒரு தப்பு விழுதுன்னு வைங்க. ஒரு தப்புல ஒண்ணும் ஆகாது, சரி பண்ணிடும். தப்பு மேல தப்பு சேரணும். வருஷக்கணக்கா ஆகும். அப்புறம் ஒருநாள் இது நிக்கறதை மறந்துடும்.” கைநிறையப் பட்டனை அள்ளித் தட்டில் குவித்தாள். விளிம்பு வழிந்து மேசையில் சிதறியது. “சில கட்டி உறை போட்டுக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்திருக்கும். தள்ளினா நகரும். அது சாது. சிலது பக்கத்து வீட்டுச் சுவரை இடிச்சுக்கிட்டுப் போகும். தனக்குன்னு ரத்தக் குழாய் இழுத்துக்கும், திருட்டுக் கரண்ட் மாதிரி. அதுல ரெண்டு கழண்டு போய் வேற ஊர்ல குடியேறும்.” ஒரு பட்டனைச் சுண்டினாள். அது என் மடியில் விழுந்தது.

“என் பட்டன் ஒண்ணு குறைஞ்சாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்” என்றார் நாத்தனார். பிறகு, மெஷினை ஓட்டியபடியே, “வலிக்குமா?” என்று கேட்டார்.

“எது அண்ணி?”

“அதான், அந்தச் சுவர் இடிக்கிறது.”

“ஆரம்பத்துல வலிக்காது. அதான் அதோட கள்ளத்தனம். விரல்ல வந்தது பாருங்க, அது சத்தம் போட்டுக்கிட்டு வந்துச்சு. இது சத்தமே போடாது.”

மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் நாத்தனார் நல்ல மாணவியாகிவிட்டார். எல்லாம் கிண்டல் போலத்தான் வரும். “நர்ஸம்மா, உன் போலீஸ் ஸ்டேஷன்ல கூட்டம் கலைய எத்தனை நாள் ஆகும்?” ரெண்டு மூணு வாரம் ஆகும் அண்ணி. “கலையலன்னா?” மறுபடி எங்கயோ கிருமி இருக்கும். “கிருமியே இல்லன்னா?” இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாருங்க, அண்ணிகூடப் பாடம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க” என்று என்னிடம் வந்து சொன்னாள்.

அதைச் சொன்னது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைபாதையில். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு வரக்கூடிய ஒரு கேள்வியை எனக்கு விளக்கத் தொடங்கினாள். “கிருமியால கட்டின நெறி தொட்டா வலிக்கும், மெத்துன்னு இருக்கும், நகரும், போயிடும். புத்துநோய்ல இருந்து வந்த நெறி கல்லு மாதிரி இருக்கும், நகராது, வலிக்காது. அண்ணி நேத்து இதைத்தான் கேட்டாங்க, வலிக்காத நெறின்னு ஒண்ணு உண்டான்னு…”

அவள் கையில் ஒரு ஈரச் சட்டை இருந்தது. அதைக் கொடியில் போடவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணி ஏன் அதைக் கேட்டாங்க?” என்றாள், என்னிடம் இல்லை.

பிறகுதான் அதுவரை கண்ணில் படாததெல்லாம் பட்டது. நாத்தனார் மேல் தட்டிலிருந்து துணிக்கட்டை எடுக்கத் தம்பியைக் கூப்பிடுகிறார். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தைக்கிறார். தனக்கென்று தளர்வாக இரண்டு மேல்சட்டை புதிதாகத் தைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் அளவெடுத்துப் பிடித்துத் தைப்பவர்.

அன்று மத்தியானம் வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் நான். மறைந்து கேட்டேன் என்று சொல்வதா, கேட்காமல் இருக்க வழியில்லை என்று சொல்வதா தெரியவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவள் பேசினாள்.

“அண்ணி, அந்த நெறி போயிடுச்சா?”

தண்ணீர் விழும் சத்தம்.

“அண்ணி, போயிடுச்சா இல்லையா?”

“குளிக்கிறவங்ககிட்ட கேக்கற கேள்வியா இது?”

“நான் ஒரு தடவை தொட்டுப் பாக்கறேன். ஒரே தடவை.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. “அது விரல் வீக்கத்துல வந்தது. நீதானே சொன்ன. தானா கலைஞ்சிடும்னு நீதானே சொன்ன.”

“சொன்னேன். வலிச்சதுக்குச் சொன்னேன். இப்போ வலிக்குதா?”

“இல்ல.”

“மார்ல ஏதாவது இருக்கா அண்ணி?”

கதவு திறந்தது. “தம்பி காதுல இது விழுந்துச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன். சொல்லிட்டேன்.” அதன் பிறகு மெஷின் ஓடும் சத்தம்தான்.

மறுநாள் காலை அவள் கல்லூரிக்குப் புறப்படவில்லை. தேய்த்து வைத்த சீருடை அப்படியே மாட்டியிருந்தது. ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தையல் மெஷினுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

“வகுப்பு இல்லையா?” என்றார் நாத்தனார்.

“இருக்கு.”

“அப்போ போ.”

“நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் வகுப்புக்குப் போறேன்.”

“மிரட்டுறியா?”

“இல்ல அண்ணி. உக்காந்திருக்கேன்.”

அன்றைக்கும் அதற்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சமைக்க எழுந்து போவாள், திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருவாள். வாய் ஓயாத அந்தப் பெண் பேசவே இல்லை. எனக்குச் சுவரின் இந்தப் பக்கம் அந்த அமைதி காதை அடைத்தது. பேசியிருந்தால் நாத்தனார் பதிலடி கொடுத்திருப்பார். பேசாதவளை என்ன செய்வது? கணவர் அடுப்படிச் சண்டை என்று நினைத்து இருவருக்கும் தனித்தனியாக ரொட்டி வாங்கி வந்து வைத்தார். வகுப்புப் பெண்கள் போன் செய்தார்கள். ஆசிரியையும் செய்தார்: இனி விடுப்பு எடுத்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். நாத்தனாருக்குக் கேட்கும்படியாகவே அவள் பதில் சொன்னாள்: “பரவாயில்ல டீச்சர். எழுதல.”

நாத்தனார் ஒரு சிறு சட்டையின் கழுத்துப்பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். கோணலாகப் போயிற்று. பிரித்தார். மறுபடி தைத்தார். மறுபடியும் கோணல். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் குத்துமெத்தையில் செருகினார்.

“எந்திரி” என்றார். “உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத் தைக்க முடியல.”

அந்த நாளைப் பற்றி அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். பெண் டாக்டர் ஒருவர். கை வைத்துப் பார்த்தார். விரல்கள் வட்டமாகப் போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் நின்றன. மேலே அக்குளுக்குப் போய் அங்கேயும் நின்றன. “நின்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாம இருந்தா நல்லா இருந்திருக்கும். அண்ணி டாக்டரைப் பாக்கவே இல்ல. என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. மூஞ்சியை எங்க கொண்டு போய் வைக்கிறது?”

ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யவில்லை. டாக்டர் இரண்டாம் முறை கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: மார்பில் புற்று, நெறியிலும் பரவியிருக்கிறது, அதற்கு அப்பால் போனதாகத் தெரியவில்லை. நாத்தனார் அப்போதும் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. திரும்பி இவளைக் கேட்டார்.

“இது உன் புத்தகத்துல இருக்கா?”

“இருக்கு அண்ணி.”

“எப்படி வருதுன்னு போட்டிருக்கு. எப்படிப் போகும்னு?”

“அது அடுத்த வருஷப் பாடம்.”

“அப்போ ஃபெயில் ஆகாம படி” என்றாராம்.

தம்பியிடம் அவரே சொன்னார். அந்த மனிதர் எழுந்து வெளியே வந்து, படிக்கட்டில் கருவிப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

முதலில் மருந்து, கட்டி சுருங்கிய பிறகு அறுவை என்று முடிவாயிற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. முடி கொட்டியதும் நாத்தனார் மிச்சத்தையும் மழித்துக்கொண்டு, பள்ளிச் சீருடைத் துணியில் தலைக்கு ஒரு குல்லாய் தைத்துப் போட்டுக்கொண்டார். “எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேத்துக்குவாங்க” என்றார். தம்பி மனைவி வகுப்புக்குத் திரும்பியிருந்தாள். வீட்டில் இப்போது நாத்தனாரே “அடுத்தது என்ன?” என்று கேட்பார். அதற்கான பதில்களில் ஒன்றை அவள் பலமுறை சொல்லியிருந்தாள்: “அந்த மருந்துக்கு நல்ல செல் கெட்ட செல்னு பாகுபாடு தெரியாது. வேகமா பெருகுற எல்லாத்தையும் அடிக்கும். முடி வேர் அப்படித்தான் போச்சு. உங்க வெள்ளை அணுவும் அப்படித்தான் குறையும். காய்ச்சல்னா ஒரு நிமிஷம் வீட்டுல வைக்கக்கூடாது.”

இரண்டாம் கீமோவுக்குப் பிறகு ஒரு பிற்பகல். அவள் கல்லூரியிலிருந்து வந்தபோது நாத்தனார் மெஷினில் உட்கார்ந்திருந்தார், தைக்காமல். அந்த வெயிலிலும் போர்வை போர்த்தியிருந்தார்.

“குளுருது. களைப்புதான்” என்றார்.

அவள் நெற்றியில் கை வைத்தாள். பிறகு ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள்: வாய்க்குள், ஊசி போட்ட கை, விரல் இடுக்கு, முதுகு. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை. நான் வாசலில் நின்றிருந்தேன். “எங்கயும் ஒண்ணும் இல்லையே, சாதாரணக் காய்ச்சலா இருக்கும்” என்றேன், ஆறுதலாக.

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஒண்ணும் இல்லாததுதான் பயம். சிவக்கணும்னா சண்டை போட ஆள் வேணும். சீழ் வரணும்னா சாக ஆள் வேணும். இவங்ககிட்ட இப்போ ஆளே இல்ல. கிருமி கேக்க ஆளில்லாத வீட்டுக்குள்ள பூந்திருக்கு.”

கணவருக்குப் போன் போட்டாள். அவர் நகரத்தின் மறுகோடியில் யாரையோ லிஃப்டிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தார். கீழே வண்டி வரச் சொல்லியாயிற்று. நாத்தனாரால் நிற்க முடியவில்லை. நாலு மாடி. அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தோம். நாற்காலியின் முன்கால்களை அவள் பிடித்தாள், பின்னால் நான். தண்ணீர்க்காரர் இரண்டாம் மாடியில் எதிரே வந்தார். கேனைப் போட்டுவிட்டு நாற்காலியை வாங்கிக்கொண்டார். நாத்தனாரின் பற்கள் தந்தியடித்தன. “ஊர் லிஃப்டை எல்லாம் ஓட்டுறான்” என்றார், கண்ணை மூடியபடி. “அக்காவை நாற்காலியில இறக்குறாங்க.” அதற்கு அடுத்த மாடியில் அவர் பேச்சு குழறத் தொடங்கியது. தம்பியின் சின்ன வயதுச் செல்லப் பெயரைச் சொல்லி, பள்ளிக்கு நேரமாகிவிட்டது, எழுந்திரு என்றார்.

வண்டியில் அவள் அண்ணியின் மணிக்கட்டை விடவே இல்லை. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நாடித் துடிப்பு எவ்வளவு என்று நான் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அவசரப் பிரிவில் கூட்டம். முன்னால் நீண்ட வரிசை. அவள் வரிசையைத் தாண்டிப் போய் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, “கீமோல இருக்காங்க. காய்ச்சல், குளிர். பேச்சு குழறுது” என்றாள். அவ்வளவுதான். மேசையில் இருந்த நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த நிமிடம் தள்ளுகட்டில் வந்தது. ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், திரை போட்டு மூடினார்கள். இவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் படிக்கிற பாடத்துக்கு அங்கே அனுமதி இல்லை. திரைக்கு வெளியே சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். உள்ளே ஒரு கருவி கூவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் அது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாததால் நான் உட்கார்ந்திருந்தேன்.

ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனதாகவும், மருந்து சரியான நேரத்தில் உள்ளே போனதால் பிடித்து நிறுத்த முடிந்ததாகவும் டாக்டர் பிறகு சொன்னார். இன்னும் தாமதித்திருந்தால் என்ற வாக்கியத்தை அவர் தொடங்கினார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த கணவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் நாத்தனார் கண்ணைத் திறந்து, தன் மேல் போட்டிருந்த ஆஸ்பத்திரி அங்கியின் விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்த்தார். “என் தையல் இல்ல இது” என்றார். அப்போதுதான் தம்பி மனைவி அழுதாள். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி.

அறுவை நடந்த அன்றே அவளுக்குக் கிருமியும் கட்டியும் வருகிற அந்தப் பாடத்தின் தேர்வும் இருந்தது. போகவில்லை. பிறகு கீழ்வகுப்புப் பெண்களோடு உட்கார்ந்து எழுதினாள். இப்போது இரண்டு வகுப்புக்கு அக்கா. மதிப்பெண் சுமார்தான். புற்றுநோய்க் கேள்விக்குத் தேவைக்கு மேல் எழுதிவிட்டு மற்றதற்கு நேரமில்லாமல் போயிற்று என்றாள்.

கதிர்வீச்சும் முடிந்தது. நாத்தனார் மறுபடி தைக்கிறார். இடது கை பழையபடி முழுதாக மேலே ஏறவில்லை. முடி முளைத்திருக்கிறது, முன்பு இல்லாத சுருளோடு. திரும்ப வருமா என்று டாக்டரைக் கேட்டால், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார். பார்த்துக்கொண்டே இருப்பது என்பது அந்த வீட்டில் மாதம் ஒரு காலைப்பொழுது. தானே தொட்டுப் பார்த்துக்கொள்ள நாத்தனாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “எனக்கு எல்லாம் கட்டியாத்தான் தெரியுது. நீயே பாரு” என்று அவளிடம் விட்டுவிட்டார்.

போன வாரம் அப்படி ஒரு காலையில் நான் கதவைத் தட்டினேன். உள்ளே நிலவரம் புரிந்து திரும்பிப் போகப் பார்த்தேன். “உள்ள வாங்க, நமக்குள்ள என்ன” என்று நாத்தனாரே கூப்பிட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மேல்சட்டை பாதி கழன்றிருந்தது. ஒரு பக்கம் நீளமான தழும்பு, மெல்லிய பளபளப்போடு. மறுபக்கத்துக் கையைத் தூக்கி அக்குளைக் காட்டிக்கொண்டு, “சீக்கிரம். துணி அப்படியே மெஷின்ல நிக்குது” என்றார்.

அவள் எதிரே மண்டியிட்டிருந்தாள். உள்ளங்கைகளைச் சேர்த்துப் பரபரவென்று தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் சில்லென்றிருந்தது போலிருக்கிறது. மறுபடி தேய்த்தாள். மறுபடி ஊதினாள். மறுபடி கழுத்தில் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் தேய்க்கத் தொடங்கினாள்.

நாத்தனார் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தி, தன் பக்கம் இழுத்து, சில்லென்று இருந்தபடியே தன் மேல் வைத்துக்கொண்டார்.